இறுகிய பிறகு வரும் சூடு

மாவுக்கட்டுச் சுருளிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, எட்டாக மடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தன் இடது மணிக்கட்டின் மேல்பக்கம் பஞ்சு வைத்து அதன்மேல் ஒட்டிக்கொள்கிறார். பிறகு அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுகிறார். மணி ஏழரை. எலும்பு முறிவுப் பிரிவின் கதவு திறக்க இன்னும் அரை மணி இருக்கிறது. பெருக்குகிற அம்மா அவர் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போகிறார், நகரச் சொல்வதில்லை. கால் மணி கழிந்ததும் அவர் முகம் மெல்ல மலர்கிறது. "ம்ம், வந்துட்டான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துண்டைப் பிய்த்துக் கூடையில் போடுகிறார்.

இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ருசி பார்ப்பது. புதுப் பெட்டி பிரிக்கிற நாளெல்லாம் இது நடக்கும். சமைக்கிறவர்கள் உப்புக் காரம் பார்க்காமலா பரிமாறுகிறார்கள் என்று கேட்பார். இருபத்தாறு வருடமாக ருசி பார்த்ததில் அந்த மணிக்கட்டில் நாலு விரல் அகலத்துக்கு முடி முளைப்பதையே நிறுத்திவிட்டது.

மருத்துவமனையில் அவரை மாவண்ணன் என்கிறார்கள். மாவு அண்ணன் என்று பிரித்தாலும் சரி, மா வண்ணன் என்று பிரித்தாலும் சரி, இரண்டும் அவருக்குப் பொருந்தும். புருவம், காது மடல், நகக்கண், சட்டைப் பையில் செருகிய பேனா, எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. ஐம்பத்திரண்டு வயது. நெடுநெடுவென்ற உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்க, தன் அறைக்குள்ளேயே குனிந்துதான் நுழைவார். அந்த அறை பத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் நீளமான மேஜை, இரண்டு எவர்சில்வர் வாளி, பஞ்சுச் சுருள் அடுக்கிய அலமாரி, கட்டறுக்கும் வட்ட ரம்பம், வாரம் ஒருமுறை மாவு அடைத்துக்கொள்ளும் தொட்டி, சுவரோரம் ஆறு பேர் உட்காரும் பெஞ்சு. பக்கத்து அறையில் உடற்பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே உட்கார இடம் இல்லாததால் அதற்கு வருகிறவர்களும் இந்தப் பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே மாவண்ணன் வேலை செய்யும்போதெல்லாம் பார்க்க ஒரு கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, வருத்தமும் இல்லை.

சுருளைத் தண்ணீருக்குள் செங்குத்தாக விடுவார். குபுகுபுவென்று குமிழி கிளம்பும். காதைத் தாழ்த்திக் கேட்பார். "மூச்சு விடுறான், முடிக்கட்டும்" என்பார். கடைசிக் குமிழி உடைந்ததும் எடுத்து, இரண்டு முனையையும் உள்ளங்கையால் அழுத்திப் பிழிவார். தண்ணீர் மட்டும் போக வேண்டும், மாவு போகக் கூடாது. அதற்குப் பிறகு அவர் கையைக் கண்ணால் தொடர முடியாது. சுற்று, தடவு, சுற்று, தடவு. ஈரத் துணியாக இருந்தது களிமண்ணாகி, களிமண்ணாக இருந்தது சுவராகிவிடும். விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று கேட்கும். கட்டு முடிந்தது என்று நினைத்து வந்தவர் எழப் பார்ப்பார். மாவண்ணனுக்கோ அப்போதுதான் ஆரம்பம்.

"உக்காருங்க. இப்ப இறுகியிருக்கு, அவ்வளவுதான். இனிமேதான் இருக்கு."

கட்டின்மேல் இரண்டு கையையும் லேசாக வைத்துக்கொள்வார். எதையோ ஒட்டுக் கேட்கிறவர்போல் தலை ஒரு பக்கம் சாயும். "வருது. வருது பாருங்க. உள்ள ஒரு ஓரத்துல ஆரம்பிக்குது. தெரியுதா?" குறைந்தது முப்பதாயிரம் கட்டுப் போட்டிருப்பார். ஒவ்வொன்றுக்கும் அவர் கண் அதேபோல்தான் விரிகிறது. வாங்கிய பொம்மைக்கு முதல் தடவை சாவி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு முகம் இருக்கும்.

சூடு ஏறும்போது ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பருத்த போலீஸ்காரர் ஒருவர், உள்ளே கரண்டு கிரண்டு வைத்திருக்கிறீர்களா என்று மிரட்டலாகவே கேட்டார். இடுப்பில் துண்டு கட்டிய பெரியவர் எரியுதே எரியுதே என்று எழுந்துவிட்டார். மாவண்ணன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "எரியல பெரியப்பா, பேசுது. நம்மளத் திட்டல. சும்மா பேசுது, கேளுங்க."

மழை ஈரப் படியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தபோதுதான் நான் அவரிடம் போனேன். என்னோடு கூட வந்திருக்க வேண்டியவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாளுக்குச் சற்று மேலாகியிருந்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று மாவண்ணன் கேட்டார். யாரும் இல்லை என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சுற்றினார். இறுகியது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கக்கா கிளம்புறீங்க? இறுகின பிறகுதான் சூடு வரும்."

வந்தது. முதலில் ஒரு சந்தேகம்போல. பிறகு யாரோ இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பொத்திப் பிடித்ததுபோல. கூடியது, நின்றது, நிதானமாக இறங்கியது. கால் மணிக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் கட்டின்மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். வெப்ப உமிழ்வினை, வெப்பக் கொள்வினை என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்துக் கட்டை அறுத்த பிறகும் விரல் மடங்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கே போய்விடுவேன், கதவு திறக்குமுன்பே மாவண்ணன் உள்ளே விட்டுவிடுவார். வீட்டில் இருப்பதற்கு அந்தப் பெஞ்சு தேவலை. அப்படித்தான் மாவண்ணனைப் பற்றி இத்தனையும் தெரிந்துகொண்டேன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலையோடு கதையும் ஓடும். "இது முதல்ல கல்லுக்கா. பூமிக்குள்ள கெடக்கிற கல்லு. அதை எடுத்து வறுக்கிறாங்க. உள்ள இருந்த தண்ணி முக்கால்வாசி போயிடும், கல்லு மாவாயிடும். வறுக்கும்போது குடிச்ச சூட்டை அடக்கி வச்சுக்கிட்டுப் பெட்டிக்குள்ள கம்முனு கெடக்கும். தண்ணியைக் காட்டினீங்கன்னா போச்சு, திரும்பக் கல்லாயிடும். அடக்கி வச்சதை எல்லாம் கொட்டிடும். ஒண்ணையும் மனசுல வச்சுக்கத் தெரியாது, என் தங்கச்சி மாதிரி."

அன்று இரவு கட்டு ஜில்லென்று ஆகிவிடும் என்பதையும் சொல்லி அனுப்புவார். ஈரம் காய்கிறபோது போகிற தண்ணீர் சும்மா போகாதாம், சூட்டையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகுமாம். அதனால் போர்வை போட்டு மூடக் கூடாது, தலையணைமேல் அழுத்தி வைக்கக் கூடாது. மூடினால் அதற்கு மூச்சு முட்டும், சூடு வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே திரும்பி நம் தோலைப் பதம் பார்க்கும்.

உலகத்தில் உள்ளதையெல்லாம் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்: கொடுக்கிறது, வாங்குறது. மாவு கொடுக்கிறது. சுளுக்கு விழுந்த கணுக்காலில் வைப்பதற்காகக் கசக்கி உடைத்ததும் உறைந்துபோகிற நீலப் பை வாங்குறது. ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட்டும் வாங்குறதுதான், ஆனால் அவசரக்காரன். நீங்கள் எந்த வகை என்று ஒரு நர்ஸ் அவரைச் சீண்டினாள். "வீட்டுல நான் வாங்குற ஆளும்மா. வாங்கிக் கட்டிக்கிறதுலயே பாதி ஆயுசு போச்சு. மீதி ஆயுசு கட்டுப் போடுறதுல போயிட்டிருக்கு."

அவர் மனைவி ஒரு நாள், இவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தார். கல்லூரி விடுதி ஒன்றில் சமைக்கிறவர். சின்ன உருவம், பெரிய குரல். பெஞ்சில் இடம் கொடுத்ததும் உட்கார்ந்து எங்களிடம் முறையிட்டார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாயங்காலம் இவர் வந்து கையைப் பிடித்தாராம். "ஆசையாத்தான் பிடிக்கிறார்னு நினைச்சேன். உள்ளங்கையில சோப்புத் தூளைக் கொட்டி, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, சுடுதா பாரு, சுடுதா பாருங்கிறார்." பெஞ்சு குலுங்கச் சிரித்தது. சுட்டதா என்று நான் கேட்டேன். "சுடத்தான் செஞ்சுது" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தில் கோபம் இல்லை.

வீட்டில் அடுப்பு எரியும்போது எரிவாயு உருளையின் வயிற்றைத் தடவிப் பார்ப்பாராம். உள்ளே திரவம் ஆவியாகிற இடமெல்லாம் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர் எங்கே முடிகிறதோ அதுதான் மட்டம். இன்னும் ஒன்பது நாள் வரும் என்பார், எட்டாவது நாள் தீர்ந்துபோகும், அந்த ஒரு நாளுக்காக வருத்தப்படுவார். தெருவில் புதிதாகக் கான்கிரீட் போட்ட தூணைக் கண்டாலும் தாண்டிப் போக முடியாது. மறுநாள் போய்ப் பலகைமேல் கை வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே சிமெண்டும் தண்ணீரும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிற வெதுவெதுப்பு கைக்குத் தெரியும். காவல்காரர் ஒருவர், என்னய்யா தூணுக்குக் காய்ச்சலா என்று கேட்டிருக்கிறார். மாவண்ணன் மிகவும் யோசித்து, ஆமாங்க, நல்ல காய்ச்சல், நாலு நாளில் இறங்கிவிடும் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு கட்டுக்கும் வாளியைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிப்பார். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதையும் ஒளிக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரே வாளித் தண்ணீரில் ஏழெட்டுக் கட்டுப் போட்டார். வாளியின் அடியில் பழைய மாவு குழம்பாகத் தங்கிவிட்டது. அந்தக் குழம்பு புது மாவை அவசரப்படுத்தும். சீக்கிரம் இறுகும், சூடும் எகிறும். கடைசியாகக் கட்டுப் போட்ட பள்ளிக்கூடப் பையனுக்குக் கெண்டைக்காலில் கொப்புளம். இவரே போய் மருத்துவரிடம் சொல்லித் திட்டு வாங்கினார். அந்தப் பையன் இப்போது பஸ் ஓட்டுகிறானாம். "எங்க பாத்தாலும் வண்டியை நிறுத்தி, பேன்ட்டை மேல சுருட்டி, அண்ணே இது நீங்க போட்ட கையெழுத்துன்னு காட்டுவான். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பாக்கும்."

செவ்வாய்க்கிழமை சின்னப் பாதங்களின் நாள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாக மடங்கித் திரும்பியிருக்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மருத்துவர் இளவயதுப் பெண். பேச்சு குறைவு, விரல்கள் மெத்தென்றவை. பாதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பார், மாவண்ணன் தொடை வரை சுற்றுவார். ஒரு வாரம் அந்த நிலையில் நிற்கும். அடுத்த செவ்வாய் இன்னும் கொஞ்சம். ஐந்தாறு கட்டில் பாதம் நேர் பார்க்கும். இடையில் விட்டால் எல்லாம் பழையபடி மடங்கிக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் இரண்டு மாதக் குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, வலது பாதம். அவளுக்கே இருபத்திரண்டு இருபத்துமூன்றுதான் இருக்கும். முதல் கட்டு வேறு மருத்துவமனையில் போட்டிருந்தார்கள், அந்த வேலை அவ்வளவு சரியில்லை, மெல்லிசாகப் போட்டிருந்ததில் சூடு தெரிந்தே இருக்காது. இங்கே போட்டது இரண்டாவது. அன்றைக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பள்ளிக்கூட வேன் ஒன்று கவிழ்ந்து, கையும் காலுமாக ஒன்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். அவளுக்குப் பதினோரு மணி பஸ்ஸை விட்டால் இரண்டு மணிக்குத்தான் அடுத்தது. கட்டு இறுகியது. மாவண்ணன் தட்டிப் பார்த்தார், டொக்கென்றது. விரல் தெரியுதா பாத்துக்கோ தங்கச்சி என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். நான் பெஞ்சில்தான் இருந்தேன். ஏதோ ஒன்று விட்டுப்போனதுபோல் எனக்குத் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. மாவண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு வேலை செய்தார். மதியம் மேஜையைத் துடைக்கும்போது, "அந்தப் பஸ்ஸு பொண்ணு வரலைல்ல" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் வந்தாள். கூடவே கணவனின் அக்கா, குழந்தைக்கு அத்தை. குழந்தையின் காலில் கட்டு இல்லை. பாதம் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே உள்ளே திரும்பியிருந்தது. மருத்துவர் ஏன் என்று கேட்பதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார். குழந்தையின் காலை வேகவைத்து அனுப்புவதுதான் இங்கே வைத்தியமா என்றார். வீட்டில் யாருக்கும் இதில் இஷ்டமில்லை, ஒரு தரம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள், காட்டியாயிற்று, கிளம்பப் போகிறோம் என்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"பஸ்ஸுல போகும்போது சுட்டுது அண்ணே. இவ கத்துறா. தொட்டுப் பாத்தா கட்டு கொதிக்குது. குடிக்க வச்சிருந்த தண்ணியை அப்படியே ஊத்துனேன். வீட்டுக்குப் போயும் ஈரத்துணி சுத்திச் சுத்தி வச்சேன். சூடு தணியட்டும்னுதான்."

பெஞ்சில் இருந்த எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். தண்ணீர் ஊற்றினால் அணையும் என்றுதான் நாம் பார்த்த நெருப்பெல்லாம் நமக்குச் சொல்லியிருக்கிறது. இதுவோ தண்ணீரில் பற்றிக்கொண்ட நெருப்பு. அவள் ஊற்றியபோது அது தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். ஊற்றிய தண்ணீர் கட்டைத்தான் ஊறவைத்தது. விடிவதற்குள் கட்டு தொளதொளத்து, குழந்தை உதைத்து உதைத்து, விரல்கள் உள்ளே போய்விட்டன. பயந்துபோய்க் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மருத்துவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இப்போதே ஆரம்பிக்க வேண்டும், இப்படியே விட்டால் இவள் பாதத்தின் விளிம்பில்தான் நடப்பாள், பிறகு கத்திதான் என்று நிதானமாகச் சொன்னார். கட்டில் தண்ணீர் ஊற்றலாமா, யார் சொன்னது என்றும் கேட்டார். அந்தப் பெண்ணின் தலை இன்னும் தாழ்ந்தது.

மாவண்ணன் கையில் இருந்த பஞ்சுச் சுருளை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர், தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. இறுகினதும் அனுப்பிட்டேன். சூடு பின்னால வரும், வந்துட்டுப் போயிடும்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. எல்லாருக்கும் சொல்றேன். இவளுக்குச் சொல்லல."

அப்போதுதான் அன்றைக்கு விட்டுப்போனது என்ன என்று எனக்கு உறைத்தது. மாவை ருசி பார்க்கிறவர், ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டார். மருத்துவர் அவரையே பார்த்தார். அந்தப் பெண்தான் பேசினாள். "நீங்க சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேனான்னு தெரியல அண்ணே. புள்ள கத்துறப்ப எதைன்னு நம்புறது?"

அத்தை சட்டென்று கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் மடியில் போட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார்.

"எனக்குப் போடுங்க. அதே மாவு, அதே தண்ணி. சுட்டுச்சுன்னா நாங்க கிளம்பிடுவோம்."

"சுடும்கா" என்றார் மாவண்ணன். "சுடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். எவ்வளவு சுடுது, எவ்வளவு நேரம் சுடுதுன்னு நீங்க சொல்லுங்க."

வாளியைக் கழுவினார். புதுத் தண்ணீர் பிடித்தார். பஞ்சு வைத்தார். குழந்தைக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு கனமாக, முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை போட்டார். உடற்பயிற்சி அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. கால் கட்டோடு இருந்த ஆட்டோக்காரர் கைபேசியில் நேரம் பார்க்க ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே பெஞ்சு முழுவதும் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டது. ஊன்றுகோல்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். மருத்துவரும் போகவில்லை. அவருடைய வெளி நோயாளிகள் கதவில் எட்டிப் பார்த்தார்கள்.

நாலாவது நிமிடம் கட்டு இறுகிவிட்டது. அத்தை உதட்டைச் சுழித்தார். இதற்கா இவ்வளவு என்று கேட்கும் உதடு. ஆறாவது நிமிடமும் ஒன்றும் இல்லை. எட்டாவது நிமிடம் அவருடைய இடது புருவம் உயர்ந்தது. ஆட்டோக்காரர் அதைக் கவனித்து, வந்திடுச்சு வந்திடுச்சு என்று பின்னால் இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினார். மாவண்ணன் அன்றைக்குக் கட்டின்மேல் கை வைக்கவில்லை. வைக்கத் துடிக்கிறார் என்பது தெரிந்தது. விரல்கள் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. பத்தாவது நிமிடம் அத்தையின் நெற்றியில் வியர்வை. அந்தப் பெண் பயந்துபோய், சுடுதா அண்ணி என்று கேட்டாள். பேசாம இரு என்று அத்தை அதட்டினார். ஆனால் அவளுடைய கையைத் தானே இழுத்துக் கட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாருக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். நானும் தொட்டேன். பால் ஆற்றி வைத்த டம்ளரின் சூடு. ஏறிக்கொண்டேதான் இருந்தது. இன்னும் எவ்வளவு ஏறும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். மாவண்ணன் தனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததுபோல் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். பதினைந்தாவது நிமிடம் கண்ணைத் திறந்தார்.

"எறங்குது."

எங்களைப் பார்த்து, வேறு யாரோ செய்த தப்பை மன்னிக்கிற தோரணையில் சொன்னார்: "தைலம் போட்டு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கு. பதினெட்டு வருஷமா இந்தக் கையில வலி. அந்தக் கையிலயும் போடச் சொல்லலாம்போல." ஆட்டோக்காரர் கைதட்டப் போய், உடைந்த காலில் அதிர்ந்து, அம்மா என்று உட்கார்ந்துவிட்டார். அறையே சிரித்தது. மருத்துவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மாவண்ணன் ரம்பத்தால் கட்டை அறுத்துப் பஞ்சை விலக்கினார். உள்ளே தோல் லேசாகச் சிவந்து, வியர்த்திருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தப் பெண் அண்ணியின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முன்னும் பின்னும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஓர் இடம் விடவில்லை. அத்தை அவள் இஷ்டத்துக்குக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் யாரையும் கேட்காமல், குழந்தையைத் தூக்கி மேஜைமேல் கிடத்தினாள்.

மருத்துவர் பாதத்தைத் திருப்பிப் பிடித்தார். மாவண்ணனின் பெரிய கை, சின்னச் சுருளோடு, கட்டைவிரல் அளவே இருந்த பாதத்தைச் சுற்றி ஓடியது. குழந்தை கொஞ்சம் அழுதது, கொஞ்சம் வேடிக்கை பார்த்தது. இறுகியதும் மருத்துவர் கையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். மாவண்ணன் கட்டின்மேல் கை வைக்கக் குனிந்தார்.

"நகருங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.

நகர்ந்தார். அவள் நின்றபடியே இரண்டு உள்ளங்கையாலும் கட்டைப் பொத்திக்கொண்டாள். சில நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளுடைய முகம் மாறியது. குழந்தை நெற்றியைச் சுருக்கி ஒரு தடவை வீரிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. குனிந்து குழந்தையின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே வரிசை சலசலத்தது. அடுத்த ஆள் வரலாமா என்று ஒரு குரல் கேட்டது, கதவு இரண்டு தடவை தட்டப்பட்டது. மாவண்ணன் திரும்பவில்லை. அவருடைய இரண்டு கையிலும் மாவு அப்பியிருந்தது. ஆகவே நீளமான வலது காலை மேஜைக்கு அடியில் விட்டு, அங்கே கிடந்த முக்காலியைப் பாதத்தால் கொக்கிபோட்டு இழுத்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார், அந்தப் பெண்ணின் முழங்காலுக்குப் பின்புறம் அது போய்த் தொடும்வரை.